பலா மரத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர்

கலாவதியின் கைகளில் ஐந்து வாட்சுகள். இடக்கையில் கறுப்பு, பச்சை, வெள்ளைப் பட்டைகளோடு மூன்று. வலக்கையில் ஆரஞ்சும் சாம்பலும். காலை ஆறேகாலுக்கு எஸ்டேட் கேட்டில் நின்று விக்னேஷ் ஒவ்வொன்றாக அழுத்துவான். மேலே எங்கோ சுற்றும் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்ததும் ஒவ்வொன்றும் தோலில் ஒருமுறை துடிக்கும். கடைசி வாட்ச் துடித்ததும் அவள் ஓடத் தொடங்குவாள். மஞ்சக்குட்டைக்கு ஐந்து கிலோமீட்டர். திரும்பி வர ஐந்து.

"வளையல் கடை கெளம்பிருச்சு" என்று குழாயடியில் சென்னம்மாள் சொல்லுவாள். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் சென்னம்மாள் கலாவதிக்கு அடுத்த கதவு. "ஏ கலா, எங்கூட்டுச் செவுத்துக் கடியாரமும் ஒண்ணு இருக்குது. அதையும் கழுத்துல மாட்டியுடட்டுமா?"

மற்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். கலாவதி திரும்பிப் பார்ப்பதில்லை.

விக்னேஷ் பெங்களூரிலிருந்து வந்தவன். ஓடுகிறவர்கள் கட்டும் வாட்சுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, ஓடிய பாதையை எது சரியாகக் காட்டுகிறது என்று வீடியோ போடுவது அவன் தொழில். திறந்த மைதானத்தில் எல்லா வாட்சும் யோக்கியம்தான். சில்வர் ஓக் நிழலிலும், ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக வளைகிற ரோட்டிலும்தான் அவற்றின் குணம் தெரியும். "பொய் சொல்ல வைக்கிற எடம்தான் எனக்கு வேணும்" என்று சொல்லி ஏற்காட்டுக்கு மேலே ஒரு பங்களாவை மூன்று மாதத்துக்குப் பிடித்திருந்தான். அவனுக்கு முட்டி போய்விட்டது. தினமும் ஒரே ரோட்டின் ஒரே ஓரத்தில் ஒரே வேகத்தில் ஓட ஓர் ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது மாவட்ட அளவில் வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தவள் இந்த எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறாள் என்று, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணிதான் சொன்னார்.

கலாவதிக்கு இருபத்தொன்பது வயது. புருசன் காளியண்ணன் எஸ்டேட் லாரி ஓட்டுகிறான். பறிப்பு முடிந்து வேலை குறைந்த மாதம் என்பதால் அவனும் சரி என்று விட்டான். "ஓடறது ஓடு. பல்லக் காட்டிட்டு ஓடாத" என்றான்.

அவள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. விக்னேஷ் போனில் காட்டிய பாதை மஞ்சக்குட்டையில் திரும்பியது. மஞ்சக்குட்டையில் ஜீவா இருந்தாள்.

ஜீவா கலாவதியின் மகள். முதல் புருசன் ஜெயபிரகாஷ் மஞ்சக்குட்டைக்காரன். சில்வர் ஓக்கில் ஏறிய மிளகைப் பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்து செத்தான். அப்போது ஜீவாவுக்கு ஒன்றரை வயது. இரண்டு வருடம் கழித்துக் காளியண்ணன் கலாவதியைப் பெண் கேட்டு வந்தபோது, ஜெயபிரகாஷின் அக்கா ராணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

"நீ வேற ஊட்டுக்குப் போற. போ. நான் தடுக்கல. புள்ள எங்க வகையறாப் புள்ள. இந்த வேலிக்குக் கிட்ட உன்ற நெழல் பட்டுச்சுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே சேலத்து ஹாஸ்டல்ல கொண்டுபோய்த் தள்ளீருவன். அப்பறம் நானும் பாக்க மாட்டன், நீயும் பாக்க மாட்ட."

காளியண்ணன் பக்கத்தில்தான் நின்றான். "அதான் எனக்கும் நல்லதுங்க" என்றான். "அடுத்தவன் புள்ளைக்கு இவ அழுதுட்டு உக்காந்தா எனக்கு ஆரு சோறாக்கறது?"

ராணி சொன்னதைச் செய்கிறவள். கலாவதி நான்கு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. மஞ்சக்குட்டை வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறியதில்லை.

முதல் நாள் ஓட்டத்திலேயே திரும்பும் இடத்தில் அவள் ரோட்டை விட்டு இறங்கினாள். ராணி வீட்டுக்குப் பின்னால் உண்ணிச்செடி வேலியும் அதை ஒட்டி ஒரு பெரிய பலா மரமும் இருந்தன. மரத்துக்குப் பின்னால் நின்றால் வேலி இடுக்கில் குழாயடி தெரிந்தது. குழாயடியில் ஒரு சிறுமி குந்தி உட்கார்ந்து பல்பொடியைத் தின்றுகொண்டிருந்தாள். முன்பல் இரண்டு இல்லை. ஒரு கோழியிடம் ஏதோ கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ராணி வந்து பிடரியில் ஒன்று வைத்து, "பல்ல வெளக்கச் சொன்னா பொடியத் திங்கறயா?" என்றாள். சிறுமி அழவில்லை. அடுத்த அடிக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள். அது விழாததைப் பார்த்து மறுபடி பொடியை நக்கினாள்.

கலாவதி பலா மரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ரோட்டுக்கு ஏறி ஓடினாள்.

அதற்குப் பிறகு தினமும் நான்கு நிமிடம். அதற்கு மேல் நின்றால் ஆள் நடமாட்டம் வந்துவிடும்.

பத்தாவது நாள் விக்னேஷ் அதைக் கண்டுபிடித்தான். லேப்டாப்பில் ஐந்து கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும்போது, ஓரிடத்தில் எல்லாக் கோடுகளும் சீப்பில் மாட்டிய முடிபோலச் சுருண்டு கிடந்தன.

"கலாவதி, தினமும் இங்க நாலு நிமிஷம் நிக்கிறீங்க."

"தண்ணி குடிக்கிறனுங்க சார்."

"குடிங்க குடிங்க. நல்லதுதான். ஓடும்போது எல்லா வாட்சும் ஓரளவுக்குச் சமாளிச்சிடும். நிக்கிறவங்களை எது எவ்வளவு தூரம் அலைய விடுதுங்கறதுதான் உண்மையான டெஸ்ட். அதே எடத்துல, அதே நாலு நிமிஷம் நில்லுங்க. மாத்திடாதீங்க."

எதற்காக நிற்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

நாற்பத்தொரு நாள் ஓடினாள். பிறகு வீடியோ வந்தது.

கலாவதி ஓடுகிற வீடியோ என்பதால் எஸ்டேட்டில் போன் வைத்திருந்த எல்லோரும் பார்த்தார்கள். அதில் மேலிருந்து எடுத்த மஞ்சக்குட்டையின் படம் பெரிதாக வந்தது. கூரைகள், மரங்கள், ரோடு எல்லாம் தெரிந்தன. ஆரஞ்சுக் கோடும் சாம்பல் கோடும் பலா மரத்தடியில் சுருண்டிருந்தன. கறுப்பு, பச்சை, வெள்ளைக் கோடுகள் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, ஒரு தகரக் கூரைக்குள் போய் நான்கு நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பின. இருப்பதிலேயே விலை கூடிய கறுப்பும் அந்த மூன்றில் ஒன்று. "இந்த மூணும் பக்கத்து வீட்டுக்கே விருந்துக்குப் போயிடுச்சு" என்று விக்னேஷ் சிரித்தான். "எது உண்மை சொல்லுது? நீங்களே கமெண்ட்ல சொல்லுங்க."

சொன்னார்கள். அன்று மத்தியானத்துக்குள் பக்கத்து ஊரான நாகலூரிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான்: "அது நம்ம ஜீப் சத்யராஜ் அண்ணன் வீடு." அதற்குக் கீழே இருபத்தேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

சத்யராஜ் தனியாள். அவன் பெண்டாட்டி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே இருந்துகொண்டாள். "பொண்டாட்டிய ஜீப்புல ஏத்தி நீயே கொண்டுபோய் உட்டயாமா?" என்று மூன்று வருடமாக அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலாவதி மஞ்சக்குட்டையை விட்டுப் போன பிறகு அங்கே குடிவந்தவன். அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் காலை அவள் அவன் ஜீப்பை ரோட்டில் நிறுத்தினாள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவனைக் கீழே இறங்கச் சொன்னாள்.

"அண்ணா, நான் உங்கூட்டு வாசப்படி மிதிச்சதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

அவன் ஜீப்புக்குள் இருந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் அத்தனை பேரும் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"நான் எங்கம்மிணி சொன்னன்? வாட்ச்சல்ல சொல்லுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். ஜீப் முழுவதும் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை விசாரிக்க எஸ்டேட் ஆட்கள் காபி உலர்த்தும் களத்தில் கூடினார்கள். களத்தில் கடைசிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. விக்னேஷ் லேப்டாப்போடு வந்து அதை ஒரு மூட்டைமேல் வைத்தான். தேவசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். காளியண்ணன் லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். கலாவதி களத்தின் நடுவில் நின்றாள். உட்காரச் சொல்ல யாருமில்லை. சத்யராஜ் எண்ணெய் வைத்துத் தலை சீவி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான்.

"சார், உங்க அஞ்சு வாட்ச்சுல எத்தனை இந்தத் தகரக் கூரைக்குள்ள காட்டுதுங்க?" என்றார் தேவசிகாமணி.

"மூணு. ஆனா..."

"ஆனாவெல்லாம் அப்பறமுங்க. மரத்தடியில?"

"ரெண்டு."

தேவசிகாமணி காலடியிலிருந்து ஐந்து காபிக்கொட்டையைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது காஞ்சுதா இல்லையான்னு நாங்க மிசின் வச்சுப் பாக்கறதில்லீங்க சார். அஞ்சு பேரு கடிச்சுப் பாப்போம். மூணு பேரு காஞ்சுதுன்னா மூட்டை கட்டிருவோம். எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தான். ஒருத்தன் பல்லு பொய் சொல்லும். மூணு பேரு பல்லு சொல்லாது."

களத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அது அப்படி இல்ல சார்" என்றான் விக்னேஷ். "அந்த மூணுக்கும் உள்ள இருக்கறது ஒரே கம்பெனி சிப். ஒண்ணு தப்பினா மூணும் ஒரே பக்கமாத்தான் தப்பும். மூணு சாட்சி இல்ல. ஒரே சாட்சி மூணு தடவை பேசுது."

"அட, ஒரே ஆயி பெத்த மூணுன்னு சொல்லுங்க" என்றாள் சென்னம்மாள். "அண்ணந்தம்பி மூணு பேரு பாத்தாச் சாட்சி செல்லாதுங்களாக்கும்?"

"விலை கூடுன வாட்ச்சும் அதத்தான சொல்லுது" என்றது ஒரு குரல். "அவ்வளவு காசு போட்டு வாங்குனது பொய் சொல்லுமாப்பா?"

"ஏண்டா சத்யராஜ், நீ வாயத் தொறயேன்."

சத்யராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்தான். "நான் என்னத்தைங்க சொல்றது. ஊடு தேடி வாரவங்களப் போன்னா சொல்ல முடியும்?"

சிரிப்பு அடங்க நேரமானது. காளியண்ணனின் விரலில் சாவி நின்றது.

"ஏ புள்ள. நீ சொல்லு. எங்க நின்ன?"

மரத்தடி என்றால் அது ராணி வீட்டு மரத்தடி. அதைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் அந்தச் செய்தி மஞ்சக்குட்டைக்குப் போகும். அதற்கடுத்த பஸ்ஸில் ஜீவா சேலத்துக்குப் போவாள்.

"தண்ணி குடிக்க நின்னனுங்க" என்றாள்.

"எங்கன்னுதான் கேக்கறன்."

"ரோட்டோரமா."

"அஞ்சு வாட்ச்சுல ஒண்ணுகூட ரோட்டோரத்தக் காட்டலியே அம்மிணி" என்றார் தேவசிகாமணி. குரலில் கோபம் இல்லை. ஈரக்கொட்டையைக் கண்டுபிடித்த திருப்தி இருந்தது.

விக்னேஷ் முன்னால் வந்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது. "இதுக்கு ஏன் சண்டை? உண்மையான எடம் எதுன்னு தெரிஞ்சாத்தான் எது தப்புன்னு சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிச்சிடலாம். நாளைக்குக் காலைல நானே அஞ்சையும் கட்டிக்கறேன். முதல்ல அந்த வீட்டுக்குள்ள நாலு நிமிஷம் நிக்கறேன். அப்புறம் மரத்தடியில நாலு நிமிஷம். எங்க நிக்கும்போது இதே மாதிரி கோடு வருதோ, கலாவதி நின்னது அங்கதான். சந்தேகமே இருக்காது."

"அது நாயம்" என்றார்கள் சிலர்.

"சரி, அந்த மரம் ஆரூட்டுப் பொறகால இருக்குது?" தேவசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலைத் திரையில் வைத்து ரோட்டிலிருந்து நகர்த்தினார். "இது கடை... இது தண்ணித் தொட்டி... இந்த ஓட்டு ஊடு..."

காளியண்ணனும் குனிந்தான். ராணியின் அந்த ஓட்டு வீட்டு வாசலில் ஒருமுறை நின்றவன் அவன். கலாவதி அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்ல இறுகியது.

"வேண்டாமுங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆரும் போயிப் பாக்க வேண்டாமுங்க. மூணு வாட்ச்சு சொல்றதுதான் நெசம். நான் அவிய ஊட்டுக்குத்தான் போனன்."

களத்தின் மறுகோடியில் கொட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தவன் பலகையைக் கீழே போட்டான். சத்யராஜின் சிரிப்பு போய்விட்டது. அது பொய் என்று அந்தக் களத்தில் தெரிந்த ஒரே மனிதன் அவன். அவன் அவளைப் பார்த்தான். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற ஒருவன் முதுகில் தட்டி, "கெட்டிக்காரண்டா நீ" என்றான். சத்யராஜ் வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு திரும்பி வந்தது.

"எத்தன நாளா?" என்றான் காளியண்ணன்.

"நாப்பத்தொரு நாளா."

அவன் லைன் வீட்டுக்குப் போய், விக்னேஷ் அவளுக்கு வாங்கிக் கொடுத்த ஷூவை எடுத்து வந்தான். ஒன்றை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் மாட்டிக்கொண்டு அடித்தான். மூச்சு வாங்கும் வரை அடித்தான். யாரும் பிடிக்கவில்லை. "மூஞ்சில வேண்டாமுங்க, மூஞ்சில வேண்டாமுங்க" என்று சென்னம்மாள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றாள்.

விக்னேஷ் லேப்டாப்பை மூடினான். அடிக்கிறவனைப் பார்த்து "ப்ளீஸ்" என்று இரண்டு முறை சொன்னான். பிறகு கேட் பக்கம் நடந்தான். செவ்வாய்க்கிழமை அடுத்த வீடியோ வந்தது. ஓடியவரே உறுதிப்படுத்திய இடத்தை வைத்துத் திருத்திய முடிவு என்றான். கறுப்பு முதலிடம். பச்சையும் வெள்ளையும் அடுத்தடுத்து. ஆரஞ்சும் சாம்பலும் பன்னிரண்டு மீட்டர் பிசகு, வாங்க வேண்டாம். தன் முதல் ஊகம் தவறு என்று ஒப்புக்கொண்டதற்காக நிறையப் பேர் அவன் நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள்.

காளியண்ணன் அவள் துணிகளை வாசலில் எறிந்திருந்தான். எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சாந்தாமேரி மட்டும் தன் வீட்டில் இடம் கொடுத்தாள். "ஏன் கண்ணு, அந்த மூஞ்சியில அப்பிடி என்னத்தக் கண்ட?" என்று கேட்டாள். கலாவதி துணிகளை மடித்தாள். "சரி, கருமம், ஒரு வாரம் இருந்துக்க" என்றாள் சாந்தாமேரி.

புதன்கிழமை காலை கலாவதி மஞ்சக்குட்டைக்கு நடந்தாள். தொடை வீங்கியிருந்ததால் ஓட முடியவில்லை. கையில் ஒன்றும் இல்லை. பலா மரத்தடிக்கு வந்தபோது ஜீவா ஏற்கெனவே குழாயடியில் இருந்தாள். விழுந்த பல்லின் இடத்தில் அரிசி முனைபோல ஒன்று முளைத்திருந்தது. அதை விரலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலாவதி கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியவில்லை.

சிறுமி நிமிர்ந்தாள். நேராக இவள் முகத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை. போனில் பார்த்த முகம் அது.

"அத்தே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஜீப்காரன் பொம்பள வந்திருக்குது!"

ராணி கையில் சீமாறோடு வந்தாள். வேலியைப் பார்த்தாள். கலாவதியைப் பார்த்தாள். அங்கிருந்து கண் ஜீவாவுக்குப் போயிற்று, மறுபடி மரத்துக்கு வந்தது. நெற்றி சுருங்கியது.

"நீ இங்க என்ன பண்ற?"

கலாவதி தகரக் கூரை வீட்டின் பக்கம் கையைக் காட்டினாள். "அவிய ஊட்டுக்கு... பொறகால வழியில வந்தனுங்க. கால் வலிச்சுது. சித்தெ நின்னன்."

ராணியின் நெற்றி விரிந்தது. உதட்டில் சிரிப்பு ஏறியது.

"அடிச்சும் அடங்கலியா உனக்கு? த்தூ. எங்க தம்பி புண்ணியவான், இதெல்லாம் பாக்காமப் போய்ச் சேந்தான்." சீமாறால் அந்தப் பக்கம் காட்டினாள். "சரி, போ. ஏன் நிக்கிற? நீ உள்ள போறத நான் பாக்கோணும்."

"நானும் பாக்கறன் அத்தே."

"நீ பாக்காத சாமி. நம்ம பாக்கற காரியமில்ல அது." ராணி சிறுமியின் கண்ணைப் பொத்தினாள். சிறுமி விரல் இடுக்கில் பார்த்தாள்.

பன்னிரண்டு மீட்டர்தான். கலாவதி வேலியை ஒட்டி நடந்தாள். பின்னால் ஜீவா சிரிப்பது கேட்டது. சத்யராஜ் வாசலில் ஜீப் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். வேலிக்கு அப்பால் நிற்கும் ராணியைப் பார்த்தான். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "வா, வா. உள்ள வா" என்றான்.

அவள் தலையைக் குனிந்து உள்ளே போனாள். அவனும் வந்து கதவைச் சாத்தினான். தகரக் கூரைக்குக் கீழே இருட்டாக இருந்தது. ராணியின் வீடு இருக்கும் பக்கம் திரும்பினாள். அந்தச் சுவரில் சன்னல் இல்லை.